பூசாத சுவருக்கு என்ன வெட்கம்?

"இயற்கைக்கு உகந்த முறையில் கட்டினால் சதுர அடிக்கு எவ்வளவு குறையும்?" என்று கேட்காத ஆளில்லை. மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்த மண் கல் வாங்கிவிட்டால் செலவு தானாகக் குறைந்துவிடும் என்ற நினைப்பு. அப்படியெல்லாம் குறையாது. எதை வாங்காமல் விடுகிறோம் என்பதில்தான் காசு மிஞ்சும்.

ராட் ட்ராப் (எலிப்பொறி) சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள், கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வாழ்நாளெல்லாம் கட்டிக் காட்டியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் ஒருக்களித்து நிறுத்துவார்கள். நெடுக இரண்டு கல், நடுவில் வெற்றிடம், அப்புறம் குறுக்கே ஒரு கல். பார்க்க அதே 9 அங்குலச் சுவர்தான்; உள்ளே வரிசையாகப் பொந்துகள். செங்கல்லில் சுமார் 25 சதவீதம் மிச்சம். பொந்துக்குள் இருக்கும் காற்று வெயிலின் சூட்டையும் தடுக்கிறது. முதல்முறை பார்த்தபோது, "மேஸ்திரி, நடுவுல கலவை போட மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "காத்துக்கு யாரு சார் பில்லு போடுறா?" என்றார்.

ஆனால் அதற்குக் கை பழகிய கொத்தனார் வேண்டும். பழகாதவர் பொந்துக்குள்ளும் கலவையைத் தள்ளிவிடுவார். சரி, மிச்சமெல்லாம் போச்சு.

மண் கல்லிலும் இதே கதைதான். மண் வாகாக அமைந்தால் 5 சதவீத சிமென்ட் போதும். கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தாலே பாதி விஷயம் தெரியும்: மணல் சட்டென்று அடியில் போய் உட்காரும், வண்டல் அதன்மேல் படியும், களிமண் மறுநாள்வரைகூடத் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். இதைக்கூடப் பார்க்காமல் பயத்தில் சிமென்டை இரட்டிப்பாக்குகிறார்கள். சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். சூளையில் எதை எரித்தாலும் இது நிற்காது. அந்த மூட்டையை இரண்டு மடங்கு கொட்டிவிட்டு "பசுமை வீடு" என்று பெயர்ப்பலகை வேறு!

மழையில் கரையாதா என்பது அடுத்த கேள்வி. அடித்தளத்தை உயர்த்தி, கூரையை வெளியே நன்றாக நீட்டிவிட்டால் மண் சுவர் நிற்கும்.

எனக்கு உண்மையிலேயே ஆற்றாமை பூச்சு விஷயத்தில்தான். நேராக, அழகாகக் கட்டிய சுவரைப் பார்த்து யாராவது "என்ன, வேலை பாதியில நின்னுபோச்சா?" என்பார். வீட்டுக்காரர் ரோஷத்தில் உள்ளும் புறமும் பூசி, பட்டி பார்த்து, மிச்சம் பிடித்ததை அதிலேயே கரைத்துவிடுவார். மண் கல்லில் கட்டி, அதன்மேல் சிமென்ட் பூசி, அதற்கும் மேலே மண் நிறத்தில் பெயின்ட் அடித்த ஒரு வீட்டைக்கூடப் பார்த்திருக்கிறேன்.