கோட்டா பற்றி ஏன் பேச்சே இல்லை?
பல் மருத்துவ மாணவர்களின் மன அழுத்தத்துக்கு யோகாவும் நேர மேலாண்மையும் போதும் என்கிறது கட்டுரை. சரி, ஆனால் கோட்டா பற்றி, அதாவது ஒவ்வொரு மாணவரும் நோயாளிகளுக்கு இத்தனை சிகிச்சை செய்து முடிக்க வேண்டும் என்ற கணக்கைப் பற்றி, ஒரு வரிகூட இல்லையே? பிடிஎஸ் என்ற பல் மருத்துவப் பட்டம் நான்கு வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். இதில் மூன்றாம் வருடத்திலிருந்து இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும், முழுப் பல்செட் செய்து காட்ட வேண்டும் என்று கணக்கு. என் தங்கை படித்த கல்லூரியில் நோயாளிகள் வரத்து குறைவு, அதனால் பல்செட்டுக்கு ஒரு தாத்தாவைப் பிடித்து, ஆட்டோ காசும் சாப்பாடும் கொடுத்து, அளவெடுக்க, மெழுகில் பல் அடுக்கிப் பார்க்க என்று திரும்பத் திரும்ப வரவழைப்பாள். நடுவில் அவர் பேரனுக்குக் காதுகுத்து என்று ஊருக்குப் போய்விட்டால் வேறு ஆள் தேடி மறுபடி முதலிலிருந்து. ஆள் பிடிப்பது கல்லூரியின் வேலையில்லையா? இவ்வளவும் செய்து முடித்தாலும் பேராசிரியர் கையெழுத்து போடாவிட்டால் கணக்கில் வராது, அந்தக் கையெழுத்துக்குக் காத்திருப்பது தனிக்கதை.