வெள்ளத்தில் இறந்தவர் உடலால் காலரா பரவுமா?

வெள்ளத்தில் இறந்தவர்களை உடனே ஒரே குழியில் புதைக்காவிட்டால் ஊரெல்லாம் காலரா வரும் என்று ஒரு செய்தி கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது உண்மையல்ல.

நீரில் மூழ்கியோ அடிபட்டோ இறந்தவருக்குப் பெரும்பாலும் தொற்றுநோய் இருந்திருக்காது. உடல் அழுகினால் நாற்றம் வரும். இல்லாத காலரா அதிலிருந்து முளைக்காது. காலராவாலோ எபோலாவாலோ இறந்தவர் என்றால் மட்டும் தனிக் கவனம் வேண்டும். குடிநீரில் உடல் கிடந்தால் அந்த நீரால் வயிற்றுப்போக்கு வரலாம். உடலைத் தூக்குகிறவர்கள் கையுறை போட்டு, பிறகு சோப்பால் கை கழுவ வேண்டும்.

நம் ஊரே இதற்குச் சாட்சி. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் பரவியது தட்டம்மை. டிசம்பர் 29 அன்றே பாதிக்கப்பட்ட கிராமங்களில் தடுப்பூசி போடத் தொடங்கியும் பரவியது. அது பிணத்திலிருந்து வரவில்லை. உயிரோடிருந்தவர்களின் இருமலிலும் தும்மலிலும் பரவுகிற நோய் அது.

அவசரமாகக் குழி தோண்டுவதால் வேறொரு கொடுமை நடக்கிறது. முகம் உப்பிப்போன பிள்ளையைத் தாய் அடையாளம் காண்பது அரைஞாண் கயிற்றையோ சட்டைப் பொத்தானையோ வைத்துத்தான். அதைப் பார்க்கும் முன்பே மண்ணைத் தள்ளிவிட்டால், இறப்புச் சான்றிதழும் நிவாரணத் தொகையும் வாங்க அந்தக் குடும்பம் அலையாய் அலைய வேண்டும். ஒரு படம் எடுத்து, எண் போட்டு, தனித்தனியாக அடக்கம் செய்ய நேரம் இருக்கிறது.

முகாமில் முதலில் பார்க்க வேண்டியது குளோரின் போட்ட தண்ணீர், கழிப்பறை, குழந்தைகளின் தடுப்பூசி அட்டை.