சிக்கிள் செல்லை ஒரே ஆள் கண்டுபிடிக்கவில்லை, ரத்தம் ஏற்றினால் குணமும் ஆகாது

நீலகிரிப் பழங்குடிகளிடம் சிக்கிள் செல்லை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரைக் கோளாறு) ஆய்வாளர் ஹெர்மன் லேமன் தனியாகக் கண்டுபிடித்தார், ரத்தம் ஏற்றினால் முழுசாகக் குணமாகிவிடும் என்று ஒருவர் பதிவு எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

அந்தக் கண்டுபிடிப்பைச் சொன்ன 1952 கட்டுரையில் லேமனோடு மேரி கட்புஷ் பெயரும் இருக்கிறது, அவரை ஏன்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்களோ. 1950இலேயே, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளியிடம் உருவாகியிருந்த எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) வைத்து, ஏ, பி, ஓ மாதிரி இன்னொரு வகைப்பாடான டஃபி ரத்த வகையைக் கண்டறிந்த மூவரில் முதல் பெயரே அவருடையதுதான்.

அப்புறம் ரத்தம். ஏற்றினால் அந்த நேரத்து ஆபத்து தணியும், மரபணுக் கோளாறு அப்படியேதான் இருக்கும். திரும்பத் திரும்ப ஏற்றினால் உடம்பில் இரும்பு தேங்கும், டஃபி மாதிரி வகைகளுக்கு எதிர்ப்பொருள் உருவாகிவிட்டால் அடுத்த முறை பொருந்தும் ரத்தம் கிடைப்பதே கஷ்டம்.

இன்னொன்று, அந்த 1952 கட்டுரை சொன்னது மரபணுவைச் சுமப்பவர்களைப் பற்றி. அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் பெரும்பாலும் நோயே கிடையாது. கூடலூர்ப் பக்கத்துப் பணியர், இருளர் பிள்ளைகளை எல்லாம் நோயாளி என்று எழுதாதீர்கள். நோய் இருப்பவர்களுக்கு டாக்டர் ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தை எழுதிக் கொடுத்திருந்தால், இந்த மாதிரிப் பதிவைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிட வேண்டாம்.