ரிவேரா தோற்ற அந்த இரவு

நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேராதான் பேஸ்பாலின் தலைசிறந்த குளோசர் (ஆட்டத்தின் முடிவில் வந்து அணியின் முன்னிலையைக் காக்கும் பந்துவீச்சாளர்) என்பதற்கு ஆதாரமாக, அவருடைய 652 சேவ்களை, அதாவது அப்படி முன்னிலையைக் காத்து முடித்துக்கொடுத்த ஆட்டங்களை, உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் எனக்கு அவர் பெரியவராகத் தெரிவது, 2001 உலகத் தொடரில், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரில், அவர் தோற்ற ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தை வைத்துத்தான்.

எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலேயே வெளியேற்றினார். கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் யாங்கீஸ் 2-1 என்று முன்னிலை. அப்புறம் ஓடிவந்தவரை அவுட்டாக்க இரண்டாம் பேஸுக்கு அவர் எறிந்த பந்து தவறிப்போனது. கடைசியில் எதிரணியான அரிசோனாவின் லூயிஸ் கொன்சாலெஸின் மட்டையில் சரியாகக்கூடப் படாத பந்து மெல்ல எழும்பி விழ, கோப்பை அவர்களுக்குப் போய்விட்டது. வேறொருவர் என்றால் அதோடு உடைந்துபோயிருப்பார். இவர் அடுத்த ஆண்டும் அதே அமைதியான முகத்தோடு, அதே கட்டர் பந்தோடு வந்து நின்றார். அந்தப் பந்துதான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடைசி நொடியில் உள்ளே திரும்பி இடக்கை ஆட்டக்காரரின் மட்டையை முறித்துவிடும்!

42 வயதில் முழங்கால் தசைநார் கிழிந்தது. திரும்பி வந்து 2013இல் 44 சேவ் எடுத்தார். அந்த ஆண்டு நியூயார்க்கில் அவருடைய கடைசி ஆட்டத்தில், அவரை ஆட்டத்திலிருந்து அழைத்துப்போகப் பந்தை வாங்கிக்கொள்ள, நெடுநாள் அணித்தோழர்களான ஜீட்டரும் பெட்டிட்டும் மைதானத்துக்குள் வந்தபோது, பெட்டிட்டின் தோளில் சாய்ந்து அழுதார். அவ்வளவு காலம் அசையாத அந்த முகம் அன்று கலங்கியதைப் பார்த்து நானும் அழுதுவிட்டேன்.