அந்த ரூட்டரைத் திரும்ப மாட்டியது யார்?

கழற்றி, வயரைச் சுருட்டி, "இதை மாட்ட வேண்டாம்" என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி, பீரோ மேல் வைத்துவிட்டுப் போன ரூட்டர் இன்று காலையில் மறுபடியும் அக்கவுண்ட்ஸ் ரூமில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. ஒட்டிய பேப்பரைக் கிழிக்கக்கூட இல்லை. பேப்பரோடு மாட்டியிருக்கிறார்கள். கேட்டால், "போன்ல நெட்டு வரலை தம்பி, அதான்" என்கிறார் அக்கவுண்ட்ஸ் பெரியவர். அவர் போனில் நெட் வர வேண்டும் என்பதற்காக ஆபீஸில் இருக்கிற மற்ற கணினிகள் எல்லாம் பூட் ஆகாமல் கறுப்புத் திரையோடு நிற்கின்றன.

நெட்வொர்க் பூட் வைத்து, அதாவது கணினியை அதன் டிஸ்க்கிலிருந்து இல்லாமல் கேபிள் வழியாக சர்வரிலிருந்து கிளப்பி, ஒரு ஆபீஸ் முழுக்க இமேஜ் (விண்டோஸும் மென்பொருளும் சேர்ந்த அச்சுப் பிரதி) இறக்கியவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். வயிறும் எரிந்திருக்கும்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஃபேக்டரி ஆபீஸ் என்றால் எந்த வேலையாக இருந்தாலும் சீசனுக்கு முன்னால் முடித்தாக வேண்டும். பெங்களூரா காய் வரத்து ஆரம்பித்துவிட்டால் எடைமேடைக் கணினியை அஞ்சு நிமிஷம் நிறுத்த முடியாது, டிராக்டரும் லாரியும் ரோடு வரைக்கும் நிற்கும், டிரைவர்கள் சண்டைக்கு வருவார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டதால் பழையதைத் துடைத்துவிட்டு 11 போட வேண்டியதாகிவிட்டது. அதற்காகத்தான் ஒரே ஒரு கணினியில் டாலி, பிரிண்டர் டிரைவர், தமிழ் கீபோர்டு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் போட்டு, மற்ற கணினிகளுக்கும் பொருந்துகிற மாதிரி அதைப் பொதுவாக்குகிற சிஸ்பிரெப்பை ஓட்டி, இமேஜ் எடுத்து சர்வரில் வைத்தேன். அதற்கப்புறம் மற்ற கணினிகளை ஆன் செய்து எஃப்12 அழுத்தினால் போதும், தானாக இறங்கும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், நாளைக்கு ஒன்று கெட்டுப்போனாலும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் புதிதாக்கிவிடலாம். இந்த முறையை நான் அவ்வளவு நம்புகிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

ஆன் ஆனதும் கணினி என்ன செய்கிறது? "யாராவது எனக்கு ஒரு ஐபி முகவரி கொடுங்கள், எந்த ஃபைலை எடுத்து பூட் ஆக வேண்டும் என்றும் சொல்லுங்கள்" என்று நெட்வொர்க் முழுக்கக் கூவுகிறது. ஐபி கொடுக்கிற இந்த வேலைக்குப் பெயர் டிஎச்சிபி. நம் டிஎச்சிபி சர்வர் ஐபியைக் கொடுக்கும், கூடவே 66, 67 என்று எண் போட்ட ஆப்ஷன்களில் பூட் சர்வரின் முகவரியையும் ஃபைல் பெயரையும் கொடுக்கும். வீட்டு ரூட்டருக்கு அந்த வேலையே தெரியாது, ஐபியை மட்டும் நீட்டும். இரண்டு பதில் வந்தால் முந்தி வந்ததைப் பிடித்துக்கொள்கிற கணினிகள் நிறைய. இதில் கொடுமை என்னவென்றால், கேட்பது ஒரு தடவை இல்லை. நெட்வொர்க் கார்டில் இருக்கிற பூட் ரோம் ஒரு தடவை கேட்கும், ஐபிஎக்ஸ்இ என்கிற குட்டி பூட் புரோகிராம் ஏறியதும் அது ஒரு தடவை, இமேஜை இறக்குகிற லினக்ஸ் ஏறியதும் அது ஒரு தடவை. இந்த மூன்றில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் அந்த ரூட்டர் முந்திவிடலாம்.

முந்தியது. முதல் கணினி அப்படியே வழுக்கிக்கொண்டு போனது, மெனு வந்தது, இமேஜ் இறங்கியது, எனக்கு அப்படியொரு சந்தோஷம். பக்கத்தில் இருந்தது பிஎக்ஸ்இ-ஈ53, பூட் ஃபைல் பெயர் வரவில்லை என்கிற பிழையோடு நின்றது. அதற்கடுத்தது மெனு வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டு, லினக்ஸ் ஏறினதும் "டிஎச்சிபி தோற்றது, அல்லது சர்வரை எட்ட முடியவில்லை" என்றது. அல்லது! ஒன்று அது, இல்லாவிட்டால் இது. எது என்று சொன்னால் குறைந்தா போய்விடும்? சரி என்று ஈ53 காட்டிய கணினிக்குத் திரும்பி வந்து ரீஸ்டார்ட் செய்தால் அது சமர்த்தாக பூட் ஆகிறது. ஒரு மாற்றமும் செய்யவில்லை, கை கூட வைக்கவில்லை, ஆகிறது. முதலில் நன்றாகப் போன கணினியை மறுபடி நெட்வொர்க் பூட்டில் விட்டால் அது இப்போது நிற்கிறது.

ஒரேயடியாகத் தோற்கிற பிழையை எப்படியும் பிடித்துவிடலாம். இந்த மாதிரி இப்போது வரும், அப்புறம் வராது என்கிற பிழை ஆளைக் கொன்றுவிடும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் கையெழுத்து இல்லாத பூட் ஃபைலை ஏற்றாது, அதைப் போய்ப் பார்த்தேன். யாரோ லெகசி மோடில் வைத்துவிட்டுப் போன கணினிகள் நடுவில் இருந்தன, அதாவது கணினியைக் கிளப்புகிற பழைய பயாஸ் முறையில். பழைய பயாஸுக்கு ஒரு ஃபைல், அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐக்கு வேறு ஃபைல், கணினி தன் வகையைச் சொல்கிற 93-வது ஆப்ஷனில் 0 வந்தால் அது, 7 வந்தால் இது என்று சர்வரில் எழுதி வைத்ததை வரி வரியாகப் பார்த்தேன். ஃபயர்வாலில் பூட் ஃபைலைக் கேட்கிற யுடிபி 69 போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்தும் பூட் ஆகாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்கு நடுவில் மேனேஜர் வந்து பின்னால் நின்றுகொண்டு, "எதுக்குப்பா இவ்ளோ, ஒரு பென்டிரைவ் வெச்சு ஒண்ணொண்ணா போட்டுடலாமே" என்கிறார். சார், போடலாம் சார். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் டிரைவர் தேடி, ஒன்றில் பிரிண்டரை விட்டு, ஒன்றில் கீபோர்டை விட்டு, சீசன் நடுவில் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பிப்பார்கள், அப்போதும் ராத்திரியில் வந்து உட்காரப்போவது நான்தானே.

கடைசியில் டிஎச்சிபி பேச்சு நடக்கிற 67, 68 போர்ட்டுகளை, நெட்வொர்க்கில் போவதையெல்லாம் காட்டுகிற டிசிபிடம்ப்பில் பார்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. ஒரு கேள்விக்கு இரண்டு பதில். ஒன்று 192.168.1-இல் நம் சர்வர், இன்னொன்று 192.168.0-இல் யாரென்றே தெரியாத ஒன்று. கருவியின் மேக் முகவரியில் தயாரித்த கம்பெனியைச் சொல்கிற முதல் மூன்று பைட்டை வைத்துப் பார்த்தால் நாங்கள் வாங்கவே வாங்காத ஒரு கம்பெனி. கேபிள் எல்லாம் வந்து சேர்கிற ஸ்விட்ச் மேனேஜ்டு வகையாக இருந்தால் எந்த போர்ட் என்று அதுவே சொல்லியிருக்கும். அதற்குக் காசு தரமாட்டேன் என்றுவிட்டார்கள். எனவே கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், ஒவ்வொரு பிடுங்கலுக்கும் ஒரு ரூமிலிருந்து "பில்லு போட்டுட்டு இருக்கேன்ப்பா" என்று கத்தல். அக்கவுண்ட்ஸ் ரூமில், மேஜைக்கு அடியில், பழைய லெட்ஜர் கட்டுக்குப் பின்னால் இருந்தது அது. அதன் லேன் ஓட்டையில் ஆபீஸ் நெட்வொர்க் கேபிள். வெளி இணைப்புக்கான வேன் போர்ட்டில் சொருகியிருந்தால் அது கொடுக்கிற ஐபி அதன் வைஃபையோடு நின்றிருக்கும், எங்கள் பக்கம் வந்திருக்காது. லேனில்தான் வைப்பேன் என்றால் செட்டிங்கில் டிஎச்சிபியை நிறுத்தியிருக்கலாம், ஒரே ஒரு டிக். "அண்ணா, வைஃபை வேணும்னா சொல்லுங்க, நானே ஒழுங்கா மாட்டித் தரேன்" என்று அன்றைக்கே சொன்னேன். சரி சரி என்று தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு இன்று காலையில் மாட்டியிருக்கிறார்.

இன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மல்டிகாஸ்ட்டில் இறக்கி முடித்துவிடலாம் என்று வந்தேன். மறுபடி ரூட்டரைப் பிடுங்கி, இந்தத் தடவை என் பையிலேயே போட்டுக்கொண்டு ஆரம்பித்தால், ஆமை வேகத்தில் நகர்கிறது. பந்தியில் கடைசி இலை எழுந்தால்தான் எல்லோரும் எழ முடியும் என்கிற கதைதான் மல்டிகாஸ்ட், மெதுவாக வாங்குகிற கணினிக்காக மற்றதெல்லாம் காத்திருக்கும். ஒரு கணினி 100 எம்பிபிஎஸ்ஸில், கிகாபிட்டில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் இருக்கிறது. ஏன்? கேபிள் இழுத்த புண்ணியவான் ஒரே கேபிளில் இருக்கிற நான்கு ஜோடிக் கம்பியை இரண்டிரண்டாகப் பிரித்து இரண்டு மேஜைக்குக் கொடுத்திருக்கிறார். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 40 ஜிபி இமேஜ் கிகாபிட்டில் ஆறேழு நிமிஷம், இதில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். சில மீட்டர் கேபிளை மிச்சம் பிடித்து அவர் என்ன கோட்டை கட்டினார் என்று தெரியவில்லை. அந்தக் கணினியை விலக்கிவிட்டு ஆரம்பித்ததும்தான் மற்றவை எல்லாம் பறந்தன.

சிரிப்புதான் வருகிறது, இதற்கு மேல் கோபப்பட உடம்பில் தெம்பு இல்லை.

தெம்பு இல்லாமல் தர்மபுரி போக சேலம் பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் "தர்மபுரி பைபாஸ்தான், ஊருக்குள்ள போகாது" என்கிறார். போர்டில் தர்மபுரி என்று போட்டிருக்கிறதே அண்ணா என்றால் பதில் இல்லை. டிக்கெட்டுக்கு மட்டும் தர்மபுரி வரைக்கும் முழுக் காசு, இறக்கிவிடுவது இருட்டில் ஹைவே ஓரம், அங்கிருந்து ஊருக்குள் போக ஆட்டோவுக்குத் தனியாக அழ வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா என்னோடு இறங்கினார், ஆட்டோக்காரர் சொன்ன ரேட்டைக் கேட்டுவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். ஊருக்குள் வராத பஸ்ஸுக்கு ஊர் பெயர் எதற்கு? போர்டிலிருந்து எடுத்துவிட்டு ஓட்டட்டும்.