சைலன்சருக்குள் டீக்கடை

(பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர்ப் பக்கம், ரோட்டோரப் பட்டறை. உள்ளே நுழைந்த சின்ன டிராக்டர் பத்து வண்டிக்கான சத்தம் போட்டு அடங்குகிறது. இறங்குபவர் கலியபெருமாள். மெக்கானிக் முருகவேல் காதிலிருந்து விரலை எடுக்கிறார்.)

கலியபெருமாள்: மாப்ளே, இந்தச் சைலன்சரை இன்றைக்கே சரிபண்ணிக் கொடு. மானம் போகிறது.

முருகவேல்: நீங்கள் ஏரிக்கரை திரும்பும்போதே கேட்டது மாமா. திருவிழா வேட்டு என்று நினைத்து எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது.

கலியபெருமாள்: நாய்க்குத் தெரிந்தால் பரவாயில்லை. உன் அத்தைக்கும் தெரிகிறதே! வண்டி எங்கே நிற்கிறது என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்கிறாள். நேற்று போன் பண்ணி, “அரை மணி நேரமாக டீக்கடையிலேயே உறுமுகிறதே, வடை இன்னும் வேகவில்லையா?” என்கிறாள்.

முருகவேல்: சரி, எப்படிப் போனது?

கலியபெருமாள்: சூடுதான். 24 எச்.பி. வண்டி, பாவம். 2011 டிசம்பரில் தானே புயல் பழைய மரங்களைச் சாய்த்த பிறகு நெருக்கி நட்ட முந்திரித் தோப்பு. பெரிய வண்டி நுழையாது. இதில் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரை மாட்டி மாடாய் உழைக்கிறேன். சைலன்சர் பழுக்கக் காய்கிறது. போதாததற்கு உப்புக்காற்று வேறு.

முருகவேல்: உப்புக்காற்று என்று தேவனாம்பட்டினத்துக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்வேன். உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் எத்தனை ஊர் இருக்கிறது!

(சைலன்சரின் அடிவயிற்றில் ஸ்க்ரூடிரைவரால் தட்டுகிறார். ‘டங்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘தொப்’ என்கிறது. இன்னொரு தட்டு. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை உள்ளே போய்விடுகிறது. உருவியதும் அரை டம்ளர் கருப்புத் தண்ணீர் அவர் காலில் ஊற்றுகிறது. பின்னாலேயே நமுத்த பிஸ்கட் மாதிரி துரு.)

முருகவேல்: மாமா, மேலே இந்த மஞ்சள் பெயின்ட் யார் அடித்தது?

கலியபெருமாள்: நான்தான். போன பொங்கலுக்கு. கேட்டுக்கு அடித்ததில் மிச்சம். எப்படிப் பளபளவென்று இருக்கிறது பார்!

முருகவேல்: அதுதான் இடிக்கிறது. லோடு இழுக்கும்போது புகை 500 டிகிரியைத் தொடும். கேட்டுக்கு அடிக்கிற எனாமல் அதில் பாதிச் சூட்டுக்கே கருகிக் கொப்புளித்திருக்க வேண்டும். உங்களுடையது கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கிறது. இந்தச் சைலன்சர் பொங்கலுக்குப் பிறகு ஒருநாள்கூட முழுச் சூட்டைப் பார்த்ததில்லை. ரோட்டவேட்டர் எங்கே?

கலியபெருமாள்: மச்சான் இரவல் கேட்டார். அப்புறம்... அங்கேயே இருக்கிறது.

(இந்த இடத்தில் மனுஷர் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொள்வதைப் பார்த்தால் மச்சான் எந்த மாதம் கேட்டார் என்பது புரிந்துவிடும்.)

முருகவேல்: இது வெளியிலிருந்து பிடித்த துரு இல்லை. உள்ளே ஊறிப்போன துரு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகும்.

கலியபெருமாள்: பார்த்தாயா! பங்க்கில் தண்ணீர் கலக்கிறான் என்று நான் அப்போதே சொன்னேன்.

முருகவேல்: கலக்கவில்லை மாமா. டீசலில் இருக்கிற ஹைட்ரஜன் எரிந்தாலே தண்ணீர்தான். சைலன்சர் நன்றாகச் சூடேறினால் ஆவி ஆவியாகவே போய்விடும். லோடு இல்லாமல் சும்மா உறுமிக்கொண்டு ஐட்லிங்கில் நின்றால் தகடு சூடேறாது. இட்லிப்பானை மூடியில் முத்து முத்தாக நிற்குமே, அப்படி உள்ளேயே படிந்து, கரியோடு சேர்ந்து தகட்டைத் தின்றுவிடும். டீக்கடை எவ்வளவு தூரம்?

கலியபெருமாள்: ஒரு கிலோமீட்டர். அதுகூட இருக்காது.

முருகவேல்: அங்கே போய் ஆஃப் பண்ணுவீர்களா?

கலியபெருமாள்: பேட்டரி வீக் மாப்ளே. ஆஃப் பண்ணினால் திரும்ப நாலு பேர் தள்ள வேண்டும். நாலு பேருக்கும் நான்தான் டீ வாங்கித் தர வேண்டும்.

முருகவேல்: ஆக, பேட்டரி காசை மிச்சம் பிடித்துச் சைலன்சரைக் காவு கொடுத்திருக்கிறீர்கள். மழைக்குப் புகைக்குழாயை மூடினீர்களா?

கலியபெருமாள்: கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தேன். எடுக்க மறந்து ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். அது பறந்துபோய் டீக்கடை பாய்லரில் விழுந்தது. அன்றைக்கு ஓசி டீ கட்.

முருகவேல்: அலுமினியம் பூசிய தகட்டில் புதுச் சைலன்சர் போடுகிறேன். மழைமூடி தானாகத் திறந்து மூடுகிற மாதிரி இருக்கும். தண்ணீர் வடிய அடியில் சின்ன ஓட்டை போடுகிறேன், அதை எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள்.

கலியபெருமாள்: எதற்குச் செலவு? போர் போட்டபோது மிஞ்சின ஜி.ஐ. பைப் இருக்கிறது. அதையே வெல்டு வைத்துவிடேன்.

முருகவேல்: அதில் பூசியிருக்கிற துத்தநாகம் 420 டிகிரிக்குள் உருகிவிடும். வெல்டு வைத்தால் அந்தப் புகையில் எனக்குக் குளிர்ஜுரம் வரும். கஞ்சி நீங்கள் கொண்டுவருவீர்களா? அப்புறம், இதென்ன கட்டுக்கம்பி?

கலியபெருமாள்: பிராக்கெட் உடைந்தது. முறுக்கிக் கட்டினேன்.

முருகவேல்: அதனால்தான் ஆடி ஆடி, போல்ட் போட்டு இணைக்கிற ஃபிளாஞ்ச் பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. பிராக்கெட்டும் சேர்த்துப் போட வேண்டும். இனிமேல் ஐட்லிங் வேண்டாம். எடுத்தால் அரை மணி நேரமாவது லோடு கொடுத்து ஓட்டுங்கள்.

கலியபெருமாள்: அப்படியென்றால் டீ குடிக்கப் பண்ருட்டிக்கே போய்விடட்டுமா?

முருகவேல்: போங்கள். வெறும் வண்டியாகப் போகாமல் டிரெய்லரில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போங்கள். இன்னொன்று, நிஜமாகவே உழ ஆரம்பித்துவிட்டால் சைலன்சர் நிஜமாகவே சுடும். முந்திரிச் சருகு பக்கத்தில் அடைந்தால் பற்றிக்கொள்ளும், தினமும் தட்டிவிடுங்கள். ஏர் ஃபில்டரில் செம்மண் அடைத்தாலும் காற்று போதாமல் சூடு ஏறும்.

(ஒன்றரை மணி நேரம் கழித்து. புதுச் சைலன்சர். என்ஜின் ஓடுகிறது. பக்கத்து மரத்துக் காகம் கத்துவதுகூடக் கேட்கிறது. கலியபெருமாள் பூரித்து நிற்கும்போது போன் அடிக்கிறது.)

கலியபெருமாள்: ஆமாம்மா... பட்டறையில்தான்... ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கேட்கவில்லையா?... இல்லைம்மா, டீக்கடையில் இல்லை... சத்தியமாக... மாப்ளேவிடம் வேண்டுமானால் கொடுக்கிறேன்... ஐயோ, அவனும் கூட்டாளி இல்லை!

(போனைக் கையால் பொத்திக்கொண்டு)

மாப்ளே, அந்தப் பழைய சைலன்சரை இன்னும் காயலான் கடைக்குப் போட்டுவிடவில்லையே?