கோர்ஸ் முடிக்காதது மட்டும்தான் காரணமா?
நோயாளிங்க டாக்டர் சொன்ன நாள் முழுக்க (அதான் கோர்ஸ்) ஆன்டிபயாட்டிக் சாப்பிடாம பாதியில மாத்திரைய நிறுத்துறதாலதான் டைஃபாய்டு, சால்மோனெல்லா கிருமிங்க மருந்துக்கு அடங்க மாட்டேங்குதுன்னு இந்தக் கட்டுரையில போட்டிருக்கு, இத என்னால முழுசா ஏத்துக்க முடியல, ஏன்னா சென்னையில எங்க கொருக்குப்பேட்டை பக்கம் நெறய பேருக்கு கோர்ஸ்னு ஒண்ணு ஆரம்பிக்கறதே இல்ல. வயித்தால போகுதுன்னு மெடிக்கல்ல போய் நின்னா டாக்டர் சீட்டு கூட கேக்காம ஆஃப்ளாக்சசின் ஆர்னிடசோல் சேந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைய கத்திரிக்கோலால ரெண்டு வெட்டி சின்ன கவர்ல போட்டு குடுத்துடறாங்க, பேரு இருக்கற பக்கம் கடையிலயே நின்னுடும், என்ன முழுங்குறோம்னே தெரியாது. சாதாரண வயித்துப்போக்கு பெரும்பாலும் ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) குடிச்சு சமாளிச்சாலே சில நாள்ல நின்னுடும், ரத்தம் போனா, காய்ச்சல் விடலன்னா டாக்டர்கிட்ட ஓடணும். எங்க அக்கா பையனுக்கு போன மழைக்காலத்துல டைஃபாய்டு வந்தப்ப பிளட் கல்ச்சர் (ரத்தத்துல இருக்கற கிருமிய வளத்துப் பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட்ல சிப்ரோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாட்டிக்குக்கு நேரா 'ஆர்'னு இருந்துச்சு, அதாவது அந்த மருந்துக்கு கிருமி கேக்காது, அப்புறம் செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டுதான் காய்ச்சல் எறங்குச்சு, பாகிஸ்தான் சிந்து பக்கம் 2016லேர்ந்து பரவுற டைஃபாய்டு அந்த ஊசிக்கும் கேக்கறதில்லயாம், நெனச்சாலே பயமா இருக்கு. மேல கமெண்ட்ல ஒருத்தர் பிராய்லர் கோழி சாப்பிடறத விட்டா போதும்னு எழுதிருக்காரு, பண்ணைல கண்டபடி மருந்து குடுக்கறது தப்புதான், கொலிஸ்டின்ங்கற ஆன்டிபயாட்டிக்க நம்ம நாட்டுல 2019லயே கோழிப் பண்ணைக்கு தடை பண்ணிட்டாங்க, ஆனா டைஃபாய்டு கோழிகிட்டேர்ந்து வர்றதில்லங்க, மனுஷக் கழிவு கலந்த தண்ணி, சாப்பாட்டாலதான் வருது. மழை பேஞ்சா அடிபம்புல கலங்கலா நாத்தத்தோட தண்ணி வர்ற தெருவுல வந்து கோர்ஸ முடிங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த பழைய குழாய மாத்துங்க, சீட்டு இல்லாம ஆன்டிபயாட்டிக் விக்கிறத நிறுத்துங்க.